பாடத்தைக் கூட்டினால் படிப்பு கூடுமா?

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எருமப்பட்டி. பிளஸ் டூ முடித்த பிள்ளை இங்கிருந்து மேற்கே பஸ் ஏறினால் நாமக்கல். அங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கிழக்கே ஏறினால் துறையூர்; அது திருச்சி மாவட்டம், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லை. எந்தப் பக்கம் போனாலும் சேர்க்கைக் காலத்தில் கைக்கு வரும் துண்டறிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ., தகவல் தொழில்நுட்பம் என்று முன்பு இருந்த வரிசையில் இப்போது தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி என்று புதுப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. சிறிய கல்லூரியில் இத்தனை பெயர்களையும் தாங்குவது பெரும்பாலும் அதே ஐந்தாறு ஆசிரியர்களும் அதே ஓரிரண்டு லேப்புகளும்தான். இப்படிப்பட்ட கல்லூரி மூன்றாண்டில் கணினி அறிவியலை உருப்படியாகக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியுமென்றால் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும்? முடியும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்குப் பாடங்களைக் குறைக்கும் துணிவு வேண்டும். இன்று நடப்பது நேர் எதிர். படிப்பின் குறையைத் தீர்க்க ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பேப்பர் சேர்க்கிறோம். அந்தப் பேப்பரே அடுத்த குறைக்குக் காரணமாகிறது.

இந்தக் குவியல் எப்படி வந்தது என்று பார்ப்பது பயன் தரும். இந்தியாவில் கணினிக் கல்வி பெரிய இயந்திரங்களைச் சுற்றித் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 வந்தது, சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்தது. இயந்திரம் ஒன்று, அதைப் பற்றி ஆழமாகத் தெரிந்த சிலர், அவர்களைச் சுற்றி மாணவர்கள் என்பது அங்கே இருந்த அமைப்பு. நம் கலைக் கல்லூரிகளுக்குக் கணினி வந்த வழி வேறு. தனிநபர் கணினிகள் மலிவான பிறகு, சுயநிதிப் பிரிவுகளாக, வேலைச் சந்தையின் தேவையைக் காட்டி இந்தப் படிப்புகள் பரவின. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதும் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியதும் 1997இல்தான். அதற்கு முன்பு சேலம் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே இங்கே பாடத்திட்டம் என்பது ஆசிரியர்கள் கூடி வளர்த்த ஒன்றாக இல்லாமல், மேலே இருந்து வந்து சேர்ந்த பட்டியலாகவே பழகிவிட்டது. சந்தையில் ஒரு மென்பொருள் பெயர் பெற்றால் அது ஒரு பேப்பராகும். விஷுவல் பேசிக் வந்தது, டாட் நெட் வந்தது, ஜாவா வந்தது, பைத்தான் வந்தது. வந்தவை வந்தபடி இருக்க, போக வேண்டியவை மெதுவாகவே போயின.

2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன; ஆளுநர் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார்; அமைச்சர் விளக்கம் சொன்னார். பாடத்தை வகுக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றியே அந்த விவாதம் முழுவதும் நடந்தது. வகுத்த பாடத்தை ஐந்து ஆசிரியர்கள் உள்ள கல்லூரி நடத்த முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே, 2024-25 முதல், பி.சி.ஏ. படிப்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் அனுமதிக்குள் கொண்டுவந்து அதற்குத் தனி மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டது. பி.எஸ்சி. கணினி அறிவியல் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. ஒரே லேப்பில், ஒரே ஆசிரியர் காலையில் ஒரு வகுப்புக்கும் மதியம் இன்னொரு வகுப்புக்கும் தரவுக் கட்டமைப்பு நடத்துகிறார். ஆனால் இரண்டு வகுப்புக்கும் இரண்டு மேலிடங்கள், இரண்டு வகை ஆவணங்கள். இந்த எழுத்து வேலை தின்னும் நேரம் எந்தக் கால அட்டவணையிலும் தெரிவதில்லை.

கால அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்புக்கு வாரம் 30 மணி நேரம். முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம் போன்ற துணைப்பாடம், திறன் மேம்பாட்டுப் பாடங்கள் போக, கணினித் துறைக்குக் கிடைப்பது பாதியை ஒட்டித்தான் வரும். மூன்றாம் ஆண்டு கிட்டத்தட்ட முழுவதும் துறைக்கே. கூட்டிப் பார்த்தால் ஒரு பட்டப்படிப்பை நடத்த வாரத்துக்கு 50 மணி நேரத்துக்குக் குறையாத ஆசிரியர் உழைப்பு வேண்டும். பிராக்டிகலுக்கு வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்தால் இன்னும் கூடும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். அப்படியானால் ஒரு படிப்புக்கு நான்கு பேர் தேவை. இரண்டு படிப்பு என்றால் எட்டுப் பேர். ஐந்து பேரை வைத்துக்கொண்டு மூன்று பெயர்களில் படிப்பு நடத்தும் கல்லூரியில் ஒருவர் ஒரே செமஸ்டரில் மூன்று, நான்கு வேறு வேறு பேப்பர்களைச் சுமக்க நேரும். அடுத்த செமஸ்டரில் அவை மாறும். இயக்க முறைமையை இந்த ஆண்டு முதல்முறையாக நடத்துபவர் அடுத்த ஆண்டு அதைத் தொடவே மாட்டார். எந்தப் பாடத்தையும் ஒரே ஆசிரியர் நான்கைந்து முறை தொடர்ந்து நடத்தும்போதுதான் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவரும். பேப்பர்களின் எண்ணிக்கை அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. நியமனம் கூடினால் தீரும் என்பது உண்மைதான். அதற்காகப் போராட வேண்டியதும் உண்மை. ஆனால் இப்போது முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க முடியாது.

சிறிய கல்லூரிகளின் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கணினியியல் கழகமான ஏ.சி.எம். 1968இல் முதல் மாதிரிப் பாடத்திட்டத்தையும் 1978இல் அடுத்ததையும் வெளியிட்டபோது, அவை பெரிய பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை என்று சிறிய கலைக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தோன்றியது. அவர்கள் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அதன் விளைவாக நார்மன் கிப்ஸும் ஆலன் டக்கரும் 1986இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். தொடக்கப் பாடங்கள் இரண்டு. மையப் பாடங்கள் நான்கு: கணினி அமைப்பு, படிமுறைகள், கணிப்புக் கோட்பாடு, நிரல் மொழிகளின் அடிப்படைகள். கூடவே தனிநிலைக் கணிதம், அதற்கு மேல் சில விருப்பப் பாடங்கள். இவ்வளவுதான். ஹென்றி வாக்கரும் மைக்கேல் ஷ்னைடரும் 1996இல் இதைத் திருத்தினார்கள்; திருத்தத்திலும் பாடங்களைக் குவிக்கவில்லை. இவர்களில் வாக்கர் பணியாற்றிய கிரின்னல் கல்லூரி அயோவா மாநிலத்தின் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருக்கிறது. அமெரிக்காவில் முட்டை உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் மாநிலம் அயோவா என்பது நாமக்கல்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். கிரின்னலிடம் இருக்கும் அறக்கட்டளைப் பணம் நம் மாவட்டத்தின் எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்தாலும் எட்டாத தொகை. அதன் லேப்பையோ சம்பளத்தையோ நம்மோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் அவ்வளவு பணமுள்ள இடத்திலேயே ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்துப் பாடத்தைச் சுருக்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பணமில்லாத இடத்தில் அந்தச் சிக்கனம் இன்னும் அவசியம்.

குறைவாக நடத்த வேண்டும் என்பதற்கு இன்னும் வலுவான காரணம் நிரலாக்கத்தைக் கற்பதன் இயல்பிலேயே இருக்கிறது. மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதலாண்டு நிரலாக்கம் முடித்த 216 மாணவர்களுக்குச் சிறிய கணிப்பான் நிரல் ஒன்றை எழுதும் வேலை தரப்பட்டது. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் எடுத்த சராசரி 23ஐக்கூடத் தொடவில்லை. இவர்கள் நல்ல வசதியுள்ள பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். காரணம் என்ன என்று தேடிய ரேமண்ட் லிஸ்டர் குழு 2004இல் ஏழு நாட்டு மாணவர்களைச் சோதித்தது. ஏற்கெனவே எழுதியிருக்கும் பத்து வரி நிரலைப் படித்து, அது ஓடி முடியும்போது ஒரு மாறியில் என்ன மதிப்பு இருக்கும் என்று சொல்வதிலேயே பலர் தடுமாறினார்கள். அதாவது எழுத வராததற்கு முன்பே வாசிக்க வரவில்லை. 2006இல் நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸும் பட்ரிசியா ஹேடனும் இதற்கு ஓர் எளிய பயிற்சியைக் கொண்டுவந்தார்கள்: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. காகிதத்தில், கத்தரிக்கோலும் ஜெராக்ஸும் இருந்தால் போதும், இதை எந்த வகுப்பிலும் நடத்தலாம். மின்சாரம் போன மதியத்திலும் நடத்தலாம். முதலாண்டில் நிரலை வாசிக்கப் பழகாத மாணவருக்கு இரண்டாம் ஆண்டின் ஜாவாவும் மூன்றாம் ஆண்டின் இயந்திரக் கற்றலும் மனப்பாடப் பகுதிகளாகவே வந்து சேரும். ஆறு பேப்பரில் அரைகுறையாக நின்றவருக்கு ஏழாவது பேப்பர் எந்த வகையில் உதவும்?

நம் பிராக்டிகல் எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் இந்த ஆய்வுகள் சொல்வது கண்முன் தெரியும். செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நிரல்கள் ஒரு பட்டியலாக வரும். அவை ரெக்கார்டு நோட்டில் ஏற வேண்டும்: நோக்கம், படிமுறை, நிரல், வெளியீடு, கடைசியில் நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வலது பக்கத்தில் பேனாவால் நிரல், இடது பக்கத்தில் பென்சிலால் வெளியீடு என்பது பல கல்லூரிகளில் எழுதாத சட்டம். திரையில் ஓடாத நிரலுக்கும் நோட்டில் வெளியீடு இருக்கும். சீனியரின் நோட்டில் இருந்து வந்தது அது. தேர்வு நாளில் குலுக்கல் சீட்டு எடுத்து, எந்த எண் வந்ததோ அந்த நிரலை மனத்தில் இருந்து விடைத்தாளில் எழுதி, பிறகு கணினியில் அடித்து, வெளித்தேர்வாளரிடம் வைவாவுக்கு நிற்க வேண்டும். அரைப்புள்ளி விட்டுப்போய்ப் பிழை வந்தால் அந்தப் பிழைச் செய்தி என்ன சொல்கிறது என்று படிக்கக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டோம். அதனால் பிள்ளை மொத்த நிரலையும் அழித்து மறுபடி அடிக்கும். பல லேப்புகளில் இன்னும் போர்லேண்ட் நிறுவனத்தின் டர்போ சி++ நீலத் திரையோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மொழிக்கு உலகத் தரநிலை வந்தது 1998இல். இந்த மென்பொருள் அதற்கும் முந்தையது. அதில் பழகியவர் எழுதும் தலைப்பு வரியும் திரையைத் துடைக்கும் கட்டளையும் இன்றைய எந்தத் தொகுப்பானிலும் அப்படியே ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் புதிய தொகுப்பானுக்கு மாறச் செலவு எதுவும் இல்லை. மாறாததற்குக் காரணம், ரெக்கார்டு நோட்டில் உள்ள பழைய வரிகள் அதில் பிழை காட்டும் என்பதுதான். நோட்டுக்கு ஏற்பக் கணினி வைத்திருக்கிறோம்.

ஆகவே குறைப்பது என்றால் எதை நிறுத்தி எதை நீட்டுவது? என் பார்வையில் முதல் மூன்று செமஸ்டருக்கும் ஒரே நிரல்மொழி போதும். இன்றைய நிலையில் அது பைத்தானாக இருப்பது வசதி. மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ உம் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இருக்கின்றன. தமிழ் வழியில் அந்தப் பாடநூல்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் அந்தப் பிரிவை எடுத்துப் படித்து வருபவரைக் கல்லூரி மறுபடி அரிச்சுவடியில் உட்கார வைப்பதற்குப் பதிலாக, அவரைப் பக்கத்தில் இருக்கும் புதியவரோடு இணைத்து உட்கார வைக்கலாம். அந்த ஒரு மொழியிலேயே வாசிப்பது, தடம் பிடிப்பது, சோதிப்பது, பிழை கண்டுபிடிப்பது, தரவுக் கட்டமைப்பு, படிமுறை எல்லாம் வர வேண்டும். பிறகு தரவுத்தளம், இயக்க முறைமை, வலையமைப்பு ஆகிய மூன்றை நிதானமாக நடத்தலாம். தரவு அறிவியலுக்கும் சைபர் செக்யூரிட்டிக்கும் இவைதான் அடித்தளம் என்பதால், அவற்றின் பெயர் துண்டறிக்கையில் இல்லாமலே அவற்றுக்கான பாதை திறந்திருக்கும்.

இந்த அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க எருமப்பட்டிப் பக்கம் போல வாய்ப்பான இடம் அரிது. ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். துணைப்பாடமாக வரும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் நேரியல் திட்டமிடலும் சிம்ப்ளெக்ஸ் முறையும் உண்டு. இரண்டு மாறிகள், மூன்று கட்டுப்பாடுகள், கட்டம் கட்டமாகக் கையால் போடும் கணக்கு. நாற்காலியும் மேசையும் தயாரிக்கும் ஏதோ ஒரு தொழிற்சாலைதான் அந்தக் கணக்கில் வரும். அந்த வகுப்பில் இருப்பவர்களில் பலருடைய ஊரில் கோழிப்பண்ணை இருக்கும். பண்ணைத் தீவனத்துக்கு மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல், தாது உப்பு எல்லாம் என்ன அளவில் கலந்தால், முட்டைக் கோழிக்கு வேண்டிய புரதம், எரிசக்தி, சுண்ணாம்புச் சத்து குறையாமல், செலவு மிகக் குறைவாக வரும் என்பது அப்பட்டமான நேரியல் திட்டமிடல் கணக்கு. மக்காச்சோளத்தின் விலை ஏறினால் விடை மாறும். இந்தத் துறையின் தொடக்ககால வரலாற்றிலேயே உணவுக் கணக்கு இருக்கிறது: பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் ஒரு மனிதனுக்குத் தேவையான சத்துகளை மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று கேட்டார், ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டதும் அதைச் சோதிக்க எடுத்த முதல் பெரிய கணக்கு அதுதான். 77 உணவுப் பொருள், 9 சத்து. ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்து 120 ஆள்நாள் உழைத்தார்கள். இன்று அதே கணக்கைக் கல்லூரி லேப்பின் மிகப் பழைய கணினியும் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். தீவனச் சத்து அளவுகளைச் சரிபார்க்க, நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் ஒரு செமஸ்டர் முழுக்க இதில் இறங்கினால், அவர்களுக்குக் கணிதம், நிரல், தரவு, பயனாளரிடம் கேட்டு அறிவது என்று நான்கு பேப்பரின் சாரமும் ஒரே வேலையில் கிடைக்கும். லாரிக்காரரின் நடைக் கணக்கு, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகும் ஊர், போட்ட அடி, டீசல் செலவு, தினமும் மாறும் முட்டை விலை ஆகியவையும் அப்படியே. ஆறாவது செமஸ்டரில் இன்று நடக்கும் பிராஜெக்டோ பெரும்பாலும் யாரும் கேட்காத மருத்துவமனை நிர்வாக மென்பொருளாக, பெருநகரத்தில் விலைக்கு வாங்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்து நிற்கிறது.

கம்பெனிகள் புதிய தொழில்நுட்பம் கேட்கின்றனவே, அடிப்படையை மட்டும் நடத்தினால் வேலை யார் கொடுப்பார்கள் என்று பெற்றோரும் நிர்வாகமும் கேட்பார்கள். பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளைத் தொடர்ந்து எடுத்துவரும் பெரிய நிறுவனங்களைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். டி.சி.எஸ். இக்னைட் என்ற திட்டமும் விப்ரோவின் வேலையோடு மேற்படிப்பு தரும் திட்டமும் இந்தப் பட்டதாரிகளுக்காகவே வந்தவை. இரண்டுமே ஆளை எடுத்த பிறகு தாங்களே பயிற்சி கொடுப்பவை. நுழைவுச் சோதனையில் கேட்பது எண் திறன், மொழி, எளிய நிரல். ஜோஹோ நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டமே வேண்டாம் என்று பிளஸ் டூ முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து நிரலாக்கமும் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. எனவே நிறுவனங்கள் தேடுவது கற்றுக்கொள்ளக் கூடிய ஆளை. துண்டறிக்கையில் இருக்கும் பெயர் நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்தைக்கூடத் தாங்காது. ஆனால் பெற்றோர் பெயரைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள் என்ற நிர்வாகத்தின் கவலையை நான் லேசாகத் தள்ளமாட்டேன். சுயநிதிக் கல்லூரிக்குச் சேர்க்கைதான் உயிர். அவர்களுக்குச் சொல்லக்கூடியது, புதிய பெயரில் சேர்ந்த பிள்ளை வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால் அடுத்த ஆண்டு அதே ஊரில் இருந்து வரும் சேர்க்கையும் குறையும் என்பதுதான். எருமப்பட்டி போன்ற ஊரில் இந்தச் செய்தி ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிக்கொடுக்கும்போது இத்தனை அடிப்படை எதற்கு என்ற கேள்வி 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த நாளில் இருந்து வலுத்திருக்கிறது. உண்மையில் அது அடித்துப் போட்டது ரெக்கார்டு நோட்டை. பன்னிரண்டு நிரலையும் வெளியீட்டோடு ஒரு நிமிடத்தில் தரும் கருவி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கும்போது, அவற்றைப் பார்த்து எழுதுவதற்கு மதிப்பெண் கொடுப்பதில் பொருளே இல்லை. ஆனால் அந்தக் கருவி தரும் நிரல் சரியா, எந்த உள்ளீட்டில் தவறும், ஏன் மெதுவாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டியவர் மனிதரே. லிஸ்டர் குழு 2004இல் அளந்த அதே வாசிப்புத் திறன்தான் அதற்கு வேண்டும். தீவனக் கலவையில் சுண்ணாம்புச் சத்தின் குறைந்தபட்ச அளவை அந்த நிரல் அதிகபட்சமாக எடுத்துக்கொண்டால், பிழைச் செய்தி எதுவும் வராது. ஓடு மெலிந்த முட்டைதான் வரும். இதைக் கண்டுபிடிக்க நிரலும் தெரிய வேண்டும், கணக்கும் தெரிய வேண்டும். ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம், செயற்கை நுண்ணறிவுக் கழகம் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த 2023ஆம் ஆண்டு மாதிரித் திட்டத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் நிரலாக்க அடிப்படையோ படிமுறையோ அதில் கரைந்துவிடவில்லை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, இணைவுக் கல்லூரி என்ன செய்ய முடியும் என்பது ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு. இதில் பாதி உண்மை. பேப்பரின் பெயரையும் யூனிட்டையும் எக்ஸ்டர்னல் வினாத்தாளையும் கல்லூரி மாற்ற முடியாது. ஆனால் 100க்கு 25 இன்டர்னல் மதிப்பெண் கல்லூரியின் கையில் இருக்கிறது. லேப்பில் எந்தப் பயிற்சி முதலில், எது எத்தனை வாரம், நோட்டில் என்ன எழுத வேண்டும் என்பது துறையின் முடிவு. விருப்பப் பாடங்களில் எதைத் திறப்பது என்பதும் துறையின் முடிவு. ஆறு விருப்பத்தைத் துண்டறிக்கையில் காட்டி ஆளுக்கொரு பேப்பர் சுமப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து இரண்டு படிப்புக்கும் சேர்த்து நடத்தலாம். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் பாடத்திட்டத்துக்குள் வருகின்றன. அவற்றைத் தனிச்சுமையாக வைத்துக்கொள்ளாமல் நடக்கும் பேப்பரோடு இணைக்கலாம். ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வழியாக 40 விழுக்காடு வரை கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்திருக்கிறது. கல்லூரியில் யாருக்கும் வராத ஒரு பேப்பரை யாரோ ஒருவர் தலையில் கட்டுவதைவிட, அந்தத் தளத்தில் கிடைக்கும் என்.பி.டி.இ.எல். காணொலியைப் போட்டு, பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பது நேர்மையான வழி. காணொலியைத் தனியே பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டால் மட்டும் அது வேலை செய்யாது. பேச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது, வேகமாகவும் இருக்கிறது.

மொழி இந்தச் சிக்கலின் நடுவில் இருக்கிறது, அதை ஓரமாக வைத்துவிட்டுப் பேச முடியாது. நம் வகுப்பறைகளில் விளக்கம் தமிழில் நடக்கிறது, நோட்ஸ் ஆங்கிலத்தில் இருக்கிறது, தேர்வுக்கு ஆங்கில வரிகள் மனப்பாடமாகின்றன. இரண்டுக்கும் நடுவில் புரிதல் நழுவுகிறது. பள்ளிப் பாடநூலில் தமிழ்ச் சொற்களோடு கற்றவர் கல்லூரியில் அந்தச் சொற்களை மறுபடி கேட்பதே இல்லை. முதலாண்டு முழுக்க நிரலின் நோக்கத்தையும் படிமுறையையும் மாணவர் தன் தமிழில் எழுதட்டும். நிரல் மட்டும் அதன் மொழியில் இருக்கட்டும். ஒரு வளையம் ஏன் ஐந்து முறை சுற்றுகிறது என்று தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குவது எளிது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு அது வேண்டும், கையேடுகளைப் படிக்கவும் வேண்டும். புரிதலுக்குப் பதிலாக ஆங்கிலத்தை வைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது லேப் நேரம். வாரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரப் பிராக்டிகலில், இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றால், ஒருவர் கை விசைப்பலகையில் படும் நேரம் அதில் பாதி. விடுமுறை, இன்டர்னல் தேர்வு, விழா போக, செமஸ்டர் முழுக்கக் கூட்டினாலும் முப்பது மணி நேரத்தைத் தொடுவது அரிது. வீட்டில் கணினி இல்லாதவருக்கு வேறு வழியே இல்லை. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இடையில் நின்று, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு என்று 2025 பட்ஜெட்டில் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. அது கைக்கு வரும்வரை, வந்த பிறகும்கூட, லேப் திறந்திருக்கும் நேரம்தான் கணக்கு. கடைசி மணி அடித்ததும் கல்லூரிப் பஸ் கிளம்பிவிடும். கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அதனால் லேப்பைச் சாயங்காலம் திறந்து வைப்பதால் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எந்தப் பயனும் இல்லை. கால அட்டவணைக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம், எந்தப் பேப்பருக்கும் சொந்தமில்லாத லேப் நேரமாக ஒதுக்க வேண்டும். ஒரு விருப்பப் பாடத்தையோ ஒரு கூடுதல் சான்றிதழ் வகுப்பையோ கைவிட்டால் அந்த நேரம் கிடைக்கும்.

இவ்வளவும் செய்தால் தேர்ச்சி விழுக்காடு இறங்கிவிடுமோ என்ற பயம் துறைத்தலைவர்களுக்கு இருக்கிறது. முதல் ஓரிரு ஆண்டு கொஞ்சம் இறங்கக்கூடும். மனப்பாடத்துக்குப் போன நேரம் பயிற்சிக்குப் போகும்போது அது இயல்பு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் கல்லூரிகள் துண்டறிக்கையில் போட வேண்டும் என்று நான் கேட்கிறேன்: மூன்றாமாண்டு மாணவர்களில் எத்தனை பேர், முன்பு பார்த்திராத ஒரு கணக்கை வெற்றுத் திரையில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் நிரலாக எழுதி ஓட்டிக் காட்டினார்கள்? இதற்கு எந்த மேலிடத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. நாமக்கல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் துறையூருக்கும் துறையூர் ஆசிரியர் ஒருவர் நாமக்கல்லுக்கும் ஒரு நாள் வந்து வினா கொடுத்துவிட்டுப் போனால் போதும்.